ஆபீஸ் சட்டை யார் கணக்கில்?

வேலைக்கு வேண்டிய துணியை எடுக்கக் கை கூசுகிறது. கூசிய கைதான் கடைசியில் அதிகம் செலவழிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி, தி.நகர் ரங்கநாதன் தெரு. மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கிய கூட்டம் உஸ்மான் சாலைப் பக்கம் போகிறது. உஸ்மான் சாலைக் கூட்டம் ஸ்டேஷன் பக்கம் வருகிறது. இந்தத் தெருவில் யாரும் நடப்பதில்லை. பின்னால் வருகிறவர் தள்ளும் வேகத்தில் நகர்வார்கள். ஒரு கடையின் இரண்டாவது மாடி, குர்தி செக்‌ஷன். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண், நீல நிறக் காட்டன் குர்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். 1,150 ரூபாய். குர்தி மறுபடி கம்பிக்கே போகிறது.

“புடிச்சிருந்தா எடுத்துக்கோடி” என்கிறார் அம்மா.

“வேணாம்மா. அப்பாவுக்குச் சட்டை எடுக்கணும்ல? நான் அந்த 399-லயே ரெண்டு மூணு எடுத்துக்கறேன்.”

முக்கால் மணி நேரம் கழித்து பில் கவுன்டர். குவியலில் எடுத்த மூன்று 399 குர்திகள், இரண்டு லெக்கின்ஸ், அப்பாவுக்குச் சட்டை, தம்பிக்கு ஜீன்ஸ், அம்மாவுக்கு ஒரு வாயில் சேலை, “இருக்கட்டும்” என்று எடுத்த இரண்டு தலையணை உறை. மொத்தம் ஐயாயிரத்தை நெருங்குகிறது. எந்தத் துணிக்காகக் கிளம்பி வந்தார்களோ அந்த நீலக் குர்தி மட்டும் பில்லில் இல்லை.

ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை தமிழ்நாட்டின் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். கல்லூரி முடித்தவர்கள் வேலையில் சேரும் பருவம் அது. பள்ளிகள் புது ஆசிரியர்களை எடுக்கும் பருவமும் அதுவே. நடுவில் ஆடித் தள்ளுபடி வேறு. ‘நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது’ என்று லட்சக்கணக்கான வீடுகள் ஒரே சமயத்தில் கேட்டுக்கொள்கின்றன. பணம் இல்லாத கஷ்டம் பாதி. மீதிப் பாதி, தனக்கென்று எடுத்துக்கொள்ளும்போது வரும் கூச்சம்.

சம்பளத்துக்கு முன்னால் வரும் செலவு

வேலைக்கான உடுப்பு ஒரு விசித்திரமான செலவு. சம்பளம் முப்பது நாள் கழித்து வரும், சட்டையோ முதல் நாளே உடம்பில் இருக்க வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு: அறைக்கு ஒரு ‘இன்டர்வியூ சட்டை’. யாருக்கு நேர்முகத் தேர்வோ அவர் அதை மாட்டிக்கொண்டு போவார். கழுத்து சற்றுத் தளர்வாக இருந்தால் டை பார்த்துக்கொள்ளும். நேர்முகத் தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும் என்பதால் இது நடந்தது. வேலைக்கு வாரம் ஐந்து நாளோ ஆறு நாளோ போக வேண்டியிருக்கிறது.

புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, உயர் நீதிமன்றம் என்றால் கவுனும் வேண்டும். முதல் கட்சிக்காரர் வருவதற்குள் இத்தனையும் கையில் இருந்தாக வேண்டும். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2024 ஜூனில்தான். அதற்கு முன் எத்தனை தலைமுறை ஜூனியர்கள் சீனியரின் பழைய கோட்டைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

அரசு அலுவலகத்தில் விதி கொஞ்சம் தெளிவு. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உத்தரவு, பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்குச் சட்டையோடு பேன்ட் அல்லது வேட்டி என்று வரையறுத்தது. டி-ஷர்ட் கூடாது. தனியார் நிறுவனத்தில் அந்தத் தெளிவு இல்லை. ‘பிசினஸ் கேஷுவல்’ என்று ஒரு வரி அனுப்புவார்கள். திண்டிவனத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. தெரியாததால் பயம் வருகிறது, பயத்தில் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள். அல்லது ஒன்றுமே வாங்காமல் கல்லூரிச் சட்டையோடு போய், முதல் வாரம் முழுக்கச் சுவரோரமாக நடக்கிறார்கள்.

கூச்சத்துக்கும் ஒரு விலை

நம் வீடுகளில் துணிக்கு ஒரு வரிசை இருக்கிறது. தீபாவளிக்குக் குழந்தைகளுக்கு முதலில், அப்புறம் பெரியவர்களுக்கு, சம்பாதிப்பவருக்குக் கடைசியில். “எனக்கெதுக்கு, இருக்கறதே கட்ட முடியல” என்று சொல்லும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண், சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அதையே சொல்கிறாள். மூத்த பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குச் சேலை, சாமிக்கு உண்டியல். தனக்கு எடுத்துக்கொண்டால் ஏதோ திருடிய மாதிரி இருக்கும்.

இதைத் தியாகம் என்று புகழ்வது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது வீட்டுக்கே நஷ்டம்.

எப்படி என்றால், கூச்சப்படுகிறவர் வாங்காமல் இருந்துவிடுவதில்லை. தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, காலர் நைந்து அக்குள் வெளுத்துப்போன ஒரு நாளில், மறுநாள் மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் ராத்திரி எட்டரை மணிக்கு, சாத்தப்போகும் கடைக்குள் ஓடுகிறார். அவசரத்தில் எடுக்கும் துணிக்கு அளவும் பார்க்க முடியாது, விலையும் பார்க்க முடியாது. இது ஒரு வகை. இன்னொரு வகை, மலிவாக எடுத்தால் குற்றமில்லை என்று நினைப்பவர். ரங்கநாதன் தெருவில் நாம் பார்த்த பெண் இந்த வகை. 399-க்கு எடுத்தால் மனம் உறுத்தாது. உறுத்தாததால் மூன்றாக எடுப்பார். மூன்றும் நாலாவது துவைப்பில் சாயம் விட்டு இழுத்துக்கொண்டதும் மறுபடி மூன்று எடுப்பார். மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பரிச்சயமானது: தனக்கு ஒரு சட்டை எடுத்த பாவத்தைப் போக்க வீட்டில் எல்லோருக்கும் எடுப்பவர். எண்ணூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை நாலாயிரத்தில் முடியும்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. அந்தச் செலவை வேறு தலைப்பில் எழுதுவது. பஸ் பாஸ் எடுக்கும்போது யாரும் கூசுவதில்லை. மதியச் சாப்பாட்டு டப்பா வாங்கும்போது, “நமக்கெதுக்கு இந்த ஆடம்பரம்” என்று தோன்றுவதில்லை. வேலைக்குப் போக அவை தேவை, அவ்வளவுதான். வேலைக்கான சட்டையும் அதே தலைப்பில் வர வேண்டியது. தீபாவளித் துணியோடும் கல்யாணத் துணியோடும் அதைச் சேர்த்து எழுதும்போதுதான் மனசு முரண்டு பிடிக்கிறது. கடைக்குப் போகும் நாளையும் பிரித்துவிடலாம்: வேலைத் துணிக்குத் தனி நாள், தனியாகவோ நண்பரோடோ. அப்பாவுக்குச் சட்டை எடுக்க வேண்டுமா? தாராளமாக. அதற்கு இன்னொரு நாள் போகலாம்.

■ பெட்டிச் செய்தி: ஒரு தடவை உடுத்த என்ன ஆகிறது?

850 ரூபாய் சட்டை ஒன்றை வாரம் ஒரு முறை என்று இரண்டு ஆண்டு போட்டால் சுமார் 100 தடவை. ஒரு தடவைக்கு 8 ரூபாய் 50 காசு.

399 ரூபாய் சட்டை 30 துவைப்பில் காலர் பொங்கி ஓய்வு பெற்றால், ஒரு தடவைக்கு 13 ரூபாய் 30 காசு.

3,000 ரூபாய் பிராண்டு சட்டையும் அதே 100 தடவைதான் உழைக்கும் என்றால் ஒரு தடவைக்கு 30 ரூபாய். ஒரு அளவுக்கு மேல் கொடுக்கும் பணம் பெயருக்குப் போகிறது, நூலுக்கு அல்ல.

இதோடு இஸ்திரியைச் சேர்க்க வேண்டும். வாரம் பத்து உருப்படி, ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 5,200 ரூபாய். சுருங்காத துணிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பது சில சமயம் லாபம்.

சேலைக்குப் பின்னால் வரும் பில்

ஆணுக்கு இந்தக் கணக்கு சுலபம். இரண்டு பேன்ட், நாலு சட்டை. மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு ஜோடி. கறுப்பு பேன்டை வாரம் மூன்று நாள் போட்டாலும் உலகம் கவனிக்காது. அதே அலுவலகத்தில் ஒரு பெண் திங்கட்கிழமை கட்டியதை வியாழக்கிழமை கட்டினால், “இது உன் ஃபேவரைட்டா?” என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி ஒரு பெண்ணின் மாதக் கணக்கை மாற்றி எழுதிவிடும்.

சேலை கட்டும் வேலை என்றால் செலவு சேலையோடு நிற்பதில்லை. அறுநூறு ரூபாய்க்கு ஒரு காட்டன் சேலை எடுத்தால், ஃபால்ஸ் தைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும், லைனிங் வைத்தால் கூலி ஏறும். ஊருக்கு ஊர் மாறினாலும், ரவிக்கைக் கூலி சேலை விலையை எட்டிப் பிடிக்கும் காலம் இது. அனுபவப்பட்ட ஆசிரியைகளுக்கு இதற்கு ஒரு வழி தெரியும்: கறுப்பில் ஒன்று, அரக்கில் ஒன்று என்று இரண்டு நல்ல ரவிக்கை தைத்துக்கொண்டு, அவற்றோடு போகும் சேலையை மட்டும் எடுப்பார்கள். சேலையோடு வரும் ரவிக்கைத் துணி வெட்டப்படாமலேயே கிடக்கும், அல்லது குழந்தைக்குப் பாவாடையாகும். எல்லோரும் ஓவர்கோட் போட வேண்டும் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. வெயிலில் அது ஒரு தண்டனை என்பது உண்மை. ஆனால் பழைய ரவிக்கையை அது மறைத்துவிடுகிறது என்று நன்றியோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தனியார் பள்ளிகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒரு சேலை, திங்கட்கிழமைக்கு ஒரு சேலை என்று ‘யூனிஃபார்ம் சேலை’ எடுத்துக் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. நிறத்தை நிர்வாகம் தேர்ந்தெடுக்கும், பணத்தை ஆசிரியை கொடுப்பார். அந்தச் சேலையை வேறு எங்கும் கட்டிக்கொண்டு போக முடியாது, கடைத்தெருவில் மாணவரின் அம்மா எதிரே வந்து, “மிஸ், இன்னிக்கு லீவு இல்லையா?” என்பார். பிழைப்புக்காக ஆகும் செலவிலேயே இதுதான் மிக அநியாயமானது என்பேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பதில் கூட இங்கே இவருக்குப் பேச்சில்லை.

ரங்கநாதன் தெருவில் நமக்குத் துணி விரித்துக் காட்டும் பெண்களும் ஒரே நிறச் சேலையில்தான் நிற்கிறார்கள். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று அவர்களுக்காகத் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021-ல். சேலைக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு அப்படி எதுவும் வரவில்லை.

■ பெட்டிச் செய்தி: 2,500 ரூபாய்க் கோடு

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். முன்பு 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12.

வரிக்கு முன் 1,500 ரூபாய் விலையுள்ள பேன்ட் முன்பு 1,680; இப்போது 1,575.

கோட்டைத் தாண்டும்போது கவனம். வரிக்கு முன் 2,500 என்றால் கொடுப்பது 2,625. வரிக்கு முன் 2,600 என்றால் கொடுப்பது 3,068. நூறு ரூபாய் உயர்வு கையில் 443 ரூபாயாக வருகிறது.

செருப்பு, ஷூவுக்கும் அதே கோடுதான், ஜோடிக்கு 2,500.

(தற்செயல்தான்: 1921-ல் இதே செப்டம்பர் 22 அன்றுதான் மதுரை மேலமாசி வீதியில் காந்தி மேல்சட்டையையே விட்டார். அவருக்கு எந்த வரியும் இல்லை.)

எந்தத் தெருவில் எது

விலை குறைவாக எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரு தெருவின் பெயர் பதிலாக வரும். எந்தத் தெருவில் எந்தத் துணி என்பதுதான் விஷயம்.

திருப்பூர் காதர்பேட்டை ஏற்றுமதியில் மிஞ்சிய துணிக்குப் பெயர் பெற்றது. ஆனால் திருப்பூர் பனியன் ஊர்; பின்னலாடைதான் அதன் பலம். காலர் வைத்த டி-ஷர்ட் போடலாம் என்கிற அலுவலகம் உங்களுடையது என்றால் அங்கே போவதில் அர்த்தம் உண்டு. ஃபார்மல் சட்டை தேடி அங்கே போய் அலைவதில் பயனில்லை. ‘செகண்ட்ஸ்’ என்று விற்பதில் சிறு ஓட்டை, கறை, நிற வேறுபாடு, அளவுக் கோளாறு என்று நாலு வகைக் குறை இருக்கும். நிற வேறுபாடு பரவாயில்லை, அளவுக் கோளாறைத் தொடாதீர்கள்.

நெய்த துணிக்கு ஈரோடு. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். வியாபாரிகளுக்கான சந்தைதான், ஆனால் ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் ஒருவருக்கு எடுக்கும் விலையில் கணிசமாகக் குறையும். ஒரே அலுவலகத்தில் சேரும் நண்பர்கள் இப்படிப் போகலாம், எல்லோரும் ஒரே நிறத்தில் எடுத்துவிடாத வரை. சென்னையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு ஆகியவை தி.நகரை விடப் பையைக் குறைவாகக் கடிக்கும். ஏ.சி. இருக்காது, மாற்றிப் பார்க்க அறை இருக்காது; அளவு தெரிந்தவர்கள் போகலாம்.

1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸை இளைஞர்கள் அம்மாக்களின் கடை என்று ஒதுக்கிவிட்டார்கள். அது தவறு. தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கும் கைத்தறிச் சேலைகள் வேலைக்கு வெகுநாள் தாங்கும். அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாக் கடன் வசதியும், மாதாமாதம் சிறு தொகை கட்டி முடிவில் துணி எடுக்கும் சேமிப்புத் திட்டமும் அங்கே உண்டு. காந்தி ஜெயந்தியை ஒட்டி கதர்க் கடைகளிலும் தள்ளுபடி வரும். கதர்ச் சட்டைக்கு உள்ள ஒரே சிக்கல், கஞ்சி போட்டு இஸ்திரி செய்யாவிட்டால் பத்து மணிக்கே கசங்கி, ராத்திரி ரயிலில் வந்தவர் போல் ஆகிவிடும்.

பிறர் உடுத்தியதை வாங்க நமக்கு இன்னும் தயக்கம். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய துணி குவியலாகக் கிடைக்கும். ‘யார் போட்டதோ’ என்று நகர்ந்துவிடுகிறோம். அக்காவின் சேலை, சித்தப்பாவின் பேன்ட் என்றால் அந்தத் தயக்கம் இல்லை. அதையாவது கூசாமல் கேட்டு வாங்கலாம். குறிப்பாக கோட்டு: வருஷத்துக்கு ஒருநாள் போடும் கோட்டைச் சென்னை வெயிலில் சொந்தமாக வைத்திருப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. வாடகைக்கே கிடைக்கிறது.

மெஷின் மிதிப்பவரிடம் ஒரு நடை

ரெடிமேட் வந்த பிறகு தெருமுனைத் தையல்காரரை நாம் பேன்ட் நீளம் குறைக்க மட்டும் தேடுகிறோம். வேலைத் துணிக்கு அவரை விடச் சிக்கனமான ஆள் கிடையாது. நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய சட்டையை ‘அளவுச் சட்டை’யாகக் கொடுத்துவிட்டால் போதும். 58 அங்குலப் பன்னா துணியில் ஒரு பேன்டுக்கு ஒன்றேகால் மீட்டர் சரியாக இருக்கும். துணியாக வாங்கும்போது வரியும் 5 சதவீதம்தான். கூலியைச் சேர்த்தால் ரெடிமேட் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்பது உண்மை. வித்தியாசம் மூன்றாவது வருஷம் தெரியும். தைத்த பேன்டில் இடுப்புக்குப் பின்னால் உள் மடிப்பு தாராளமாக விட்டிருப்பார். ஆபீஸ் நாற்காலி ஒரு வருஷத்தில் யாரையும் ஒரு சுற்றுப் பெருக்க வைக்கும். அப்போது பிரித்து விட்டால் பேன்ட் பிழைக்கும். மலிவு ரெடிமேடில் பிரித்து விட உள்ளே ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: மலிவாகக் கிடைத்த சுமாரான சட்டையையும் தோளில் பிடித்து, பக்கவாட்டில் ஒரு அடி அடித்துக் கொடுத்தால் விலை தெரியாது. அலுவலகத்தில் ஒருவரின் சட்டை நன்றாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதெல்லாம் பெரும்பாலும் அது பொருந்தியிருக்கிறது என்பதுதான்.

■ பெட்டிச் செய்தி: கடையில் கை வைத்துப் பார்க்க

வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, துணியின் உட்பக்கம் தேயுங்கள். நிறம் ஏறினால் வைத்துவிடுங்கள்.

காலரை இரண்டு விரலால் உருட்டுங்கள். உள்ளே ஒட்டிய பகுதி தனியாக நகர்ந்தால் சில துவைப்பில் குமிழ் விடும்.

கட்டம் போட்ட சட்டையில் பை இருக்குமிடத்தில் கட்டம் கோணாமல் சேர்கிறதா பாருங்கள். அங்கே கவனமாகத் தைத்தவர் மற்ற இடத்திலும் கவனமாகத் தைத்திருப்பார்.

பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம். சித்திரை வெயிலுக்குப் பருத்திதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடியில் காயாமல் நாறும்போது கலப்புத் துணி ஒரு செட் இருந்தால் பிழைத்தீர்கள்.

குறையுள்ள துணியைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு அதை மாற்றாது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தவணையில் வரும் சட்டை

மாதக் கடைசியில் வேலையில் சேருகிறவருக்குக் கையில் பணம் இருக்காது. கைப்பேசியில் ஒரு தட்டு தட்டினால் “இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்”. முதல் கிரெடிட் கார்டும் பெரும்பாலும் முதல் சம்பளக் கணக்கோடுதான் வருகிறது. 12,000 ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டு, ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் என்ன ஆகும்? மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 420 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 75 ரூபாய் 60 காசு. ஆக, ஏறத்தாழ ஐந்நூறு ரூபாய் துணியாக மாறாமலேயே போய்விடுகிறது, மாதாமாதம். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 42 சதவீதம். நம் பாட்டிமார் கந்துவட்டி என்று காறித் துப்பியது இதற்குக் குறைவான விகிதத்தைக் கூட இருக்கலாம்.

பிணையில்லாத நுகர்வோர் கடன்கள் கட்டுக்கடங்காமல் வளர்வதைப் பார்த்து, 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அவற்றுக்கான இடர் எடையை (கடனுக்கு எதிராக வங்கி ஒதுக்க வேண்டிய மூலதனத்தைத் தீர்மானிக்கும் அளவை) 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. வங்கிகள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்பதற்கு அது. வாங்குகிறவரின் ஜாக்கிரதை அவரிடம்தான்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் அப்பாவிடமோ அக்காவிடமோ வாங்குங்கள், தொகையும் திருப்பும் தேதியும் சொல்லி. கேட்கக் கூச்சமாக இருக்கும். நாற்பத்திரண்டு சதவீதத்தை விட அந்தக் கூச்சம் மலிவு.

கடையின் தூண்டில்களில் மோசமானது ‘இன்னும் 300 ரூபாய்க்கு எடுத்தால் பரிசு’ என்பது. மூன்று சட்டை சேர்த்து ஒரு விலை என்கிற காம்போவை மட்டும் நான் எதிர்க்க மாட்டேன். வேலைக்கு எப்படியும் நாலு சட்டை வேண்டும். ஒரே அளவில் மூன்று மந்தமான நிறச் சட்டை கிடைத்தால் அது வரம்.

யார் கொடுப்பது?

இது வரை பேசியதெல்லாம் தொழிலாளி தன் பையிலிருந்து கொடுக்கும் கணக்கு. அவர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது.

மத்திய அரசு இதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 முதல், சீருடை அணியும் பணிகளுக்கு, பதவிக்கு ஏற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை என்று தொடங்கிய உடைப்படி, ஜூலைச் சம்பளத்தோடு வருகிறது. செவிலியர்களுக்கு மாதம் 1,800 ரூபாய் என்று தொடங்கியது. துவைப்பதும் தைப்பதும் வேலையின் செலவு என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. தொழிற்சாலையில் கையுறை, தலைக்கவசம் போன்ற பாதுகாப்பு உடைமைகளைத் தருவது நிறுவனத்தின் கடமை. ஆக, உயிரைக் காக்கும் உடைக்கு நிறுவனம் பணம் தருகிறது. நிறுவனத்தின் மதிப்பைக் காக்கும் உடைக்குத் தொழிலாளி தருகிறார். வரவேற்பறையில் நிற்பவரின் பளிச்சென்ற சேலையால் யாருக்கு வியாபாரம்?

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களிடம் இது இன்னும் அப்பட்டம். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்கும் பைக்கும் சேரும்போதே அவர்களிடம் பணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. நடமாடும் விளம்பரப் பலகைக்கு வாடகை தர வேண்டியவர்கள் வாடகை வாங்குகிறார்கள்.

வருமான வரியிலும் சாதாரண ஆபீஸ் துணிக்கு இடமில்லை. பழைய வரி முறையில், சீருடைக்கென்று நிறுவனம் தரும் படியில் உண்மையில் செலவான தொகைக்கு விலக்கு உண்டு. சீருடைக்கு மட்டும்தான், நீங்களாக எடுத்த வெள்ளைச் சட்டை சீருடை ஆகாது.

சட்டம் மாறக் காத்திருக்க முடியாதவர்கள் கேள்வியாவது கேட்கலாம். வேலை உத்தரவு கையில் வந்ததும் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: என்ன உடுத்த வேண்டும், எந்த நிறம், அடையாளச் சேலையோ டி-ஷர்ட்டோ உண்டா, அதற்குப் பணம் பிடிப்பீர்களா? மரியாதையான கேள்விதான், இதற்காக யாரும் வேலையை ரத்து செய்வதில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் முதல் நாளுக்கு இரண்டே செட் எடுங்கள். முதல் வாரம், உங்களுக்கு ஓரிரு வருஷம் முன்னால் சேர்ந்தவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். அறிவிப்பில் ஃபார்மல் என்றிருக்கும். பாதிப் பேர் ஜீன்ஸில் வருவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் டி-ஷர்ட் என்றிருக்கும், புதன்கிழமையே தொடங்கியிருப்பார்கள். மீதி இரண்டு செட்டை முதல் சம்பளம் வந்த பிறகு, அந்த அலுவலகத்துக்கு எது தேவையோ அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.